வால் நீட்டிய வண்டி

ரங்கூன் தாக்கேட்டாவில் ஜெரால்டை ஜெரால்டு என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. சயாஜி என்று கூப்பிட வேண்டும். பர்மியர்கள் பெரிய டாக்டரையும் பெரிய படிப்பாளியையும் அப்படிக் கூப்பிடுவார்கள். ஜெரால்டு இரண்டும் இல்லை. லான்மடாவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்தார். கப்பல் வருவது நின்றபோது அவரும் நின்றார். ஆனாலும் மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் பாட்டன் காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்தில் இருந்தது. சோறு இல்லாத நாளிலும் அது இருந்தது. அதற்கென்று ஒரு மரியாதை வேண்டாமா?

அந்த மரியாதைக்காக வாங்கியவைதாம் டிரெய்லரும் பிக்கப்பும்.

டிரெய்லர் என்பது எண்ணெய் தேட வந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, நாடு சரியில்லை என்று மூட்டை கட்டியபோது விட்டுப்போன சக்கர வீடு. உள்ளே கட்டில், அலமாரி, கைகழுவும் தொட்டி எல்லாம் உண்டு. அதை ஊர் ஊராக இழுத்துப் போய்க் கடற்கரையில் நிறுத்தி, நாற்காலி போட்டு உட்காருவதாக ஜெரால்டு திட்டம் வைத்திருந்தார். ஒரு கடற்கரையும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. லான்மடா வீட்டுக்காரர் கட்டடத்தை விற்றுவிட்டபோது மனைவி ரோஸ்லினும் மகள் ஹன்னாவும் சட்டி பானையோடு அதற்குள் ஏறினார்கள். "தற்காலிகமா" என்றார் ஜெரால்டு. மழைக்காலங்கள் வந்து வந்து போயின. டிரெய்லரின் அடியில் செங்கல் முட்டுக்கொடுத்து, செங்கல்லில் பாசி பிடித்து, பாசிக்குள் கோழி அடை உட்கார்ந்து, குஞ்சும் பொரித்துவிட்டது.

"வீட்டுக்குள்ள ஒழுகுதுங்க" என்பாள் ரோஸ்லின்.

"வீடுன்னு சொல்லாத ரோஸ். டிரெய்லர்னு சொல்லு. வெளிநாட்டுல இது ஒரு அந்தஸ்து."

"அந்தஸ்து ஒழுகுதுங்க. சட்டி எடுத்து வைங்க."

பிக்கப் ஒரு பழைய ஹைலக்ஸ். ரங்கூனில் லைன் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலையை அதற்கும் செய்திருந்தார்கள். ஆள் கூட ஏற்றுவதற்காகப் பின்பக்கத்துத் தட்டை இரும்பு வைத்து நீட்டி, அதற்கும் பின்னால் நாலு பேர் தொங்குவதற்கு ஒரு படியும் ஒட்டவைப்பார்கள். சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். வண்டி மட்டும் பின்னால் வளரும். லைன் ஓட்டம் படுத்த பிறகு ஜெரால்டு அதைக் கழுவி, நீலம் அடித்து, முன்கண்ணாடியில் 'லாங் சேசி', அதாவது நீள அடிச்சட்டம், என்று இங்கிலீஷில் எழுதி வைத்தார். எழுதியதைத் தினமும் படித்ததில் அவருக்கே அது உண்மையாகிவிட்டது.

இன்று அந்த இரண்டையும் ஒன்றாகப் பூட்டியாக வேண்டும். டிரெய்லர் நின்ற முற்றம் பருப்பு வியாபாரி ரெங்கசாமியுடையது. அங்கே அவர் கிடங்கு கட்டப்போகிறார். மண்ணள்ளும் இயந்திரம் மதியம் வரும். அதற்குள் போகாவிட்டால் இயந்திரம் எதை அள்ளும் என்று அவர் தனியாகச் சொல்லவில்லை. ஆற்றுப் பாலம் தாண்டி, கியாக்தானில் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி மிஷனுக்கு ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. ரோஸ்லின் பங்குச் சாமியாரிடம் அழுது, மன்றாடி, மறுபடி அழுது, டிரெய்லரை அங்கே நிறுத்திக்கொள்ளச் சம்மதம் வாங்கியிருந்தாள். இனி அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்க முடியாவிட்டால் மூன்று பேருக்கும் இந்தப் பூமியில் கூரை கிடையாது.

விடிந்ததிலிருந்து மழை. டீக்கடைக்குக் கொடுக்கவேண்டிய சமோசாவை அவள் பொரித்துக் கொடுத்துவிட்டாள். மீந்த மாவை என்ன செய்வதென்று தெரியவில்லை. பாத்திரத்தோடு ஈரத்துணி போட்டு மூடினாள். கோழியைக் கூடையில் அமுக்கினாள். தட்டுகளைத் துணிக்கு நடுவே வைத்தாள். மாதா சொரூபத்தைத் தலையணை உறைக்குள் போட்டு, மன்னிச்சிரும்மா என்று கும்பிட்டாள்.

வெளியே, டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஜெரால்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இழுக்கிறதுக்கு என்ஜின் முக்கியம்னு நினைப்பீங்க. இல்ல. வீல்பேஸ். அதுதான் முக்கியம். போன்ல அமெரிக்காக்காரன் படம் போட்டுச் சொல்றான். வீல்பேஸ் நீளமா இருந்தா டிரெய்லர் ஆடாது. குட்டையா இருந்தா வால் நாயை ஆட்டும். நம்ம வண்டி முன் பம்பர்லேர்ந்து பின் படி வரைக்கும் நானே டேப்பு வச்சு அளந்தேன். அமெரிக்காக்காரன் வண்டியவிட ரெண்டு சாண் கூட!"

"சயாஜி அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்றான் ஒருத்தன், பல் குத்திக்கொண்டே.

குடை பிடித்து நின்ற ரெங்கசாமிக்கு அமெரிக்காவில் ஆர்வம் இல்லை. அவருடைய கவனமெல்லாம் வாசலோரம் செங்கல் மேடையில் நட்டிருந்த சலவைக்கல்லில் இருந்தது. அதில் அவர் பெயர் பர்மிய மொழியிலும் தமிழிலும் பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. கிடங்குக்கு இன்னும் அடித்தளம்கூடத் தோண்டவில்லை. திறந்து வைத்தவர் பெயர் மட்டும் தயார்.

"பாத்து எடுங்க சயாஜி. கல்லு மண்டலேலேர்ந்து வந்தது."

"நீங்க கவலையே படாதீங்க ரெங்கசாமியண்ணே. இது லாங் சேசி."

படியின் கடைசி நுனியில் வெல்டிங் வைத்திருந்த இரும்பு உருண்டையின் மேல் டிரெய்லரின் மூக்கை இறக்கினார்கள். இறக்கியதும் ஹைலக்ஸ் பின்னங்காலில் குந்தியது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது.

"ஏங்க, மூஞ்சிய தூக்குதுங்க."

"கம்பீரம்" என்றார் ஜெரால்டு. ஏறி உட்கார்ந்தார்.

வண்டி நகர்ந்தது. டிரெய்லரும் நகர்ந்தது. கூட்டம் கை தட்டியது. வாசலருகே ஜெரால்டு ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தார். முன்சக்கரங்கள் திரும்பின, ஆனால் தரையில் பாரமில்லாமல் சேற்றில் வழுக்கிக்கொண்டு நேராகவே போயின. அவர் பதறிப் பிரேக்கை மிதித்தார். பின்னாலிருந்த வீட்டுக்கு அந்தச் செய்தி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அது வந்த வேகத்தில் வண்டியின் வாலைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளியது. நீலவண்டி ஒரு சுற்றுச் சுற்றி, பின்படியால் சலவைக்கல்லை அடித்தது. கல் நடுவில் பிளந்து விழுந்தது.

மழைச் சத்தத்துக்கு மேலே ரெங்கசாமியின் சத்தம் கேட்டது. அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் பாதி பர்மியம், பாதி அவர் பாட்டன் கொண்டுவந்த ராமநாதபுரம். எல்லாம் முடிந்து கடைசியில் சொன்னார்: "மிசின் வரும். இது இங்க கெடந்தா, இதுமேலேயே ஏறும். அவ்வளவுதான்."

வண்டிக்குள் ஜெரால்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டுக் குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்கும் ஹன்னா ஜன்னலருகே போய் போனை நீட்டினாள். அதே அமெரிக்காக்காரன் பேசிக்கொண்டிருந்தான்.

"அப்பா, நீங்க இத பாதிதான் பாத்தீங்க. கரன்ட்டு போயிருச்சு. மிச்சத்த கேளுங்க. வண்டி நீளம் இல்லப்பா. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல உள்ளது. அதுதான் வீல்பேஸ். பின்சக்கரத்துக்குப் பின்னால நீட்டுறது எல்லாம் கெடுதல்ங்கிறாரு. வாலு நீள நீள, டிரெய்லர் கையில நம்மளே நெம்புகோல குடுத்த மாதிரி."

ஜெரால்டு கேட்டார். முகம் மாறவில்லை. மாறாமல் வைத்திருக்கும் பழக்கம்.

"டீக்கடையில அப்படி நாலு பேரு சிரிப்பானுங்க. கண்டுக்கக் கூடாது. மெதுவா ஓட்டிப் போயிரலாம்."

"பாலத்துல காத்தடிக்கும்பா! ஆத்துக்குள்ள போயிருவீங்க!"

ரோஸ்லின் அதற்கு மேல் கேட்கவில்லை. பர்மிய லுங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு தெருமுனைக்கு ஓடி, சைக்கா என்னும் சைக்கிள் ரிக்ஷா ஒன்றில் ஏறினாள். "அய்யாசாமி சங்கத்துக்கு விடு" என்றாள். சைக்காக்காரன் அனுதாபத்தோடு பார்த்தான். அந்தச் சங்கத்துக்கு யாரும் சும்மா போவதில்லை.

அய்யாசாமி நல்லடக்கச் சங்கத்தின் தலைவர். தலைவர், டிரைவர், பெட்டி தூக்குகிறவர், எல்லாம் அவரே. சங்கத்தின் சொத்து ஒரே ஒரு பிண வண்டி. அதன் நான்கு பக்கமும் அவர் பெயர் எழுதியிருந்தது. ஏழை எளியவர்கள் அழுதுகொண்டே படிக்கட்டும் என்று கூரையிலும் ஒரு தடவை எழுதியிருந்தார். வண்டி ஜப்பான்காரன் செய்த நீள லாரி. பின்சக்கரம் கடைக்கோடியில் இருந்தது. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் ஜெரால்டு மைக்கைப் பிடித்து, "அய்யாசாமியோட வண்டியில படுத்தாத்தான் ஏறுவேன்" என்று சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்ததை அவர் மறக்கவில்லை.

ரோஸ்லின் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பினார்.

"படுத்துக்கிட்டு வரச்சொல்லு. ஏத்திக்கிறேன்."

"அண்ணே, அந்த ஆளு பேசுனதுக்கு நான் கால்ல விழறேன். கண்ணாடி உடைஞ்சா பரவாயில்ல, கதவு போனா பரவாயில்ல. அந்த நாலு சுவரும் கியாக்தான் போய்ச் சேந்துட்டா போதும்."

"ஏம்மா, பொண வண்டி இழுத்துக்கிட்டுப் போனா வீடு வெளங்குமா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு ரோட்டுலயா படுக்கப்போகுது? நாங்கதான படுக்கணும்."

அய்யாசாமி வண்டியைப் பார்த்தார். பிறகு சற்றுப் பெருமையோடு சொன்னார்: "பெட்டிய சக்கரத்துக்கு உள்வாகுல வைக்கணும்னு தேடி வாங்குனது. வால்ல வச்சா குலுங்கும். உசிரோட இருக்கையில குலுங்குனது பத்தாதா, செத்தப்புறமுமா? அதுனால ஆடாது. ஆனா ஒண்ணு தங்கச்சி. நடுவழியில சாவுன்னு போன் வந்தா, உன் வீட்ட அங்கேயே கழட்டிவிட்டுட்டுப் போயிருவேன். சங்கத்துச் சட்டம் அது. நானே எழுதுனது."

"சரிண்ணே" என்றாள். வேறு என்ன சொல்வது? மாதாவே, இன்னைக்கு மட்டும் யாரும் சாகாம பாத்துக்க, என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தாள். ஊருக்கே ஆயுசு கேட்டு அவள் செய்த முதல் ஜெபம் அதுதான்.

பிண வண்டி முற்றத்துக்குள் நுழைந்ததும் டீக்கடைக் கூட்டம் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றியது. ஜெரால்டு மட்டும் வேறுபக்கம் பார்த்தார். படியிலிருந்து உருண்டையை வெட்டி எடுத்தார்கள். பிண வண்டியின் பின்னால், புயலில் சாய்ந்த மரங்களை இழுக்க ஏற்கெனவே பூட்டியிருந்த இரும்புத் தகட்டில் அதை வைத்து முடுக்கினார்கள். டிரெய்லரின் மூக்கை இறக்கியபோது வண்டி அசையவில்லை. பெரிய மனிதர்கள் வணக்கத்தை ஏற்கிற மாதிரி லேசாகத் தாழ்ந்ததோடு சரி. மண்ணள்ளும் இயந்திரம் தெருமுனையில் தென்பட்டபோது அவர்கள் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

முன்னால் பிண வண்டி, நடுவில் வீடு, கடைசியில் ஜெரால்டு தனியாக ஓட்டிய ஹைலக்ஸ். பார்த்தவர்கள் எல்லோரும் ஓரம் ஒதுங்கினார்கள். பெட்டி எத்தனை பெரிது, செத்தவர் எத்தனை பெரிய மனிதராக இருப்பார் என்று வியந்தார்கள். கடைசி வண்டியில் முகம் இறுகி வந்தவரைப் பார்த்து, பாவம், பங்காளி போல, என்றார்கள். சயாஜிக்கு இத்தனை மரியாதை வாழ்க்கையில் கிடைத்ததில்லை. பாலத்தின் முனையில் சோதனைச் சாவடியில்கூடக் கட்டையைத் தூக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிண வண்டியை நிறுத்திப் பெயர் கேட்க யாருக்கும் பிடிப்பதில்லை.

பாலத்தின் மேல் காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. முன் இருக்கையில், ஹன்னாவுக்கும் அய்யாசாமிக்கும் நடுவில் ரோஸ்லின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாத மருமகளைப் போல வீடு முனகிக்கொண்டே, ஆனால் பின்னாலேயே வந்தது.

"ஆடல பாரு" என்றார் அய்யாசாமி.

"பேசாதீங்கண்ணே. ரோட்டப் பாருங்க."

பாலம் இறங்கித் தன்லினுக்குள் நுழைந்தபோது அவருடைய போன் அடித்தது. அவர் எடுத்து, "ஹொக்கே, ஹொக்கே" என்று பர்மியத்தில் ஆமாம் போட்டார். முகத்தைத் தொழிலுக்குரியபடி தாழ்த்திக்கொண்டார். சாலையின் இருபுறமும் தண்ணீர் நின்ற வயல். வீட்டைக் கழற்றிவிட்டால் அதற்குள்தான் கழற்றிவிட வேண்டும்.

"எங்கண்ணே?"

"இங்கதான். தன்லின் ஆஸ்பத்திரி. சகாயராஜுன்னு ஒரு படகுக்காரன். காச்சல்ல கெடந்து போயிட்டானாம். பொண்டாட்டி மட்டும் இருக்காளாம்."

"எங்க கொண்டுபோகணுமாம்?"

அய்யாசாமி பதில் சொன்னபோது அவர் குரலில் ஏமாற்றம்கூட இருந்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்த ஒரு வாய்ப்புக் கைநழுவிப் போகிறதே என்று.

"கியாக்தான்."

ரோஸ்லின் சிலுவை போட்டாள். ஜெபத்தை மாதா எந்தப் பக்கமாகக் கேட்டாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சகாயராஜைப் பிண வண்டியில் ஏற்றினார்கள். மனைவி தெரேசா மெலிந்த பெண். ஈரம் சொட்டச் சொட்ட நின்றாள். பெட்டிக்குப் பக்கத்து இருக்கையில் மழை அடித்ததால் ரோஸ்லின் அவளைக் கூட்டிப்போய் டிரெய்லருக்குள், தன் கட்டிலில் உட்கார வைத்தாள். தானும் கூட உட்கார்ந்தாள். மாவுப் பாத்திரம் மேடு பள்ளத்தில் சாயப்போனது. தெரேசா கைநீட்டி அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு வழியெல்லாம் அதை விடவில்லை.

"என்ன மாவு அக்கா?"

"சமோசாவுக்கு."

"அவருக்குப் பிடிக்கும்" என்றாள் தெரேசா. அப்போதுதான் அழுதாள்.

கியாக்தான் மிஷன் நிலத்தில் வண்டி நின்றபோது வார்டு அதிகாரி குடையோடு காத்திருந்தார். கூடப் பத்துப் பேர். விஷயம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. வெளியூரில் இறந்தவனின் உடலைக் குடியிருப்புக்குள் கொண்டுவரக் கூடாது. அங்கே அது வழக்கம். பௌத்தன், கிறிஸ்தவன் என்ற பேதமில்லை. தெரேசாவின் வீடு தெருவுக்குள் இருந்தது. சாமியார் நாளைக் காலையில்தான் வருவார். அதுவரை உடல் இங்கே, கல்லறை ஓரத்தில், திறந்த வெளியில் கிடக்க வேண்டியதுதான். அய்யாசாமிக்கு வேறொரு போன் வந்துவிட்டது. த்வாண்டேயில் ஒரு கிழவர்.

"எறக்கிட்டுப் போகணும் தங்கச்சி. மழ விடற மாதிரித் தெரியல" என்றார்.

தெரேசா மாவுப் பாத்திரத்தோடு நின்று டிரெய்லரின் கதவைப் பார்த்தாள்.

அதிகாரி அந்தப் பார்வையைக் கவனித்தார். பர்மிய மொழியில் கேட்டார்: "இது என்ன? வீடா, வண்டியா? வீடு என்றால் குடியிருப்பு. பிணம் உள்ளே போகக் கூடாது. வண்டி என்றால் போகலாம். ஆனால் வண்டிக்கு இங்கே முட்டுக்கல் வைக்கக் கூடாது. சக்கரம் தரையில் இருக்க வேண்டும். எடு என்றால் அன்றைக்கே எடுக்க வேண்டும். என்னவென்று இப்போதே சொல்லுங்கள்."

ஜெரால்டு முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். இத்தனை வருஷமாக அது வீடில்லை, டிரெய்லர் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர் அவர். அதைக் கேட்க முதல்தடவையாக ஓர் அதிகாரி வந்திருக்கிறார். ஆனால் ரோஸ்லினைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ சொல்லு ரோஸ்" என்றார், தாழ்ந்த குரலில். "நீ எப்பவும் வீடுன்னுதான சொல்லுவ. அப்படியே சொல்லிரு. கல்லு வச்சுக்கலாம்."

ரோஸ்லின் செங்கற்களை நினைத்தாள். பாசி பிடித்த பழைய செங்கற்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள், கட்டிலுக்கடியில் இருந்தன. வீடு என்று சொன்னால் அவற்றை எடுத்து வைக்கலாம். கோழி மறுபடி அடை உட்காரும். ஒரு சொல்தான். மழையில் பிண வண்டியின் கூரையிலிருந்து, அய்யாசாமியின் பெயர் மேலிருந்து, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தெரேசாவின் விரல்களில் மாவு ஒட்டியிருந்தது.

"வண்டிதான்" என்றாள் ரோஸ்லின். அதையே பர்மிய மொழியிலும் சொன்னாள்.

அதிகாரி தலையாட்டினார். ஜெரால்டு போய்ப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார். அய்யாசாமி மறுமுனை. குறுகலான கதவில் பெட்டியைச் சாய்த்து உள்ளே கொண்டுபோகும்போது, "தலை இங்கிட்டு, தலை இங்கிட்டு சயாஜி" என்று அய்யாசாமி அதட்டினார். அந்த ஒரு தடவை அந்தப் பட்டத்தில் கேலி இல்லை. ஜெரால்டு அதைக் கவனிக்கவும் இல்லை. கட்டிலில் சகாயராஜைக் கிடத்தினார்கள். ஹன்னா தலையணை உறையிலிருந்து மாதாவை எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள். ரோஸ்லின் அடுப்பைப் பற்றவைத்தாள். மாவு புளிக்கும் முன் பொரித்துவிட வேண்டும். துக்கத்துக்கு உட்காருகிறவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்.

பின்னால் இரும்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அய்யாசாமி வீட்டின் மூக்கைத் தூக்கி, வண்டியைக் கழற்றி நகர்த்தியிருந்தார். வீடு நாலு சக்கரத்தில் சேற்றில் தனியாக நின்றது. நீலவண்டி அதன் பக்கத்தில் வாலை நீட்டிக்கொண்டு, எதற்கும் உதவாமல் நின்றது. அவர் கையில் முடுக்கியோடு பிண வண்டியின் பின்னால் குனிந்திருந்தார்.

"தங்கச்சி, இந்த உருண்டை உங்களோடது. கழட்டிக் குடுத்துரவா?"

ரோஸ்லின் வீட்டைப் பார்த்தாள். மழையில் ஏற்கெனவே சக்கரங்கள் கொஞ்சம் புதைந்திருந்தன. அதிகாரியின் குடை தெருக்கோடியில் மறைந்துகொண்டிருந்தது.

"வேணாம்ணே" என்றாள். "எடுன்னு சொன்னா நீங்கதான வந்து இழுக்கணும். உங்க வண்டியிலயே கெடக்கட்டும்."